வானத்து ஆங்கிலம்: பைலட் ஆக நினைப்பவர்களும் மற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைலட் பயிற்சிக்கும் ஏடிசி எனப்படும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கும் தயாராகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், விபத்துச் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் என்று பலரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கிலம் உலகில் பெரும்பாலும் ஆட்சி, வணிகம், படிப்பு வழியாகப் பரவியது. விமான ரேடியோவில் அது விதிப் புத்தகத்தின் வழியாக நுழைந்தது. அதனால் அந்த விதிகளிலிருந்தே தொடங்குகிறோம்.

வானத்துல எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசணும்னு சட்டமா?

இல்லை. ஐ.நா. சார்ந்த ஐசிஏஓ என்ற பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புதான் இதற்கு விதி வகுக்கிறது. அதன்படி, தரையில் உள்ள நிலையம் வழக்கமாகப் பேசும் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். ஆனால் பன்னாட்டு விமானங்கள் வந்துபோகும் விமான நிலையங்களிலும் வழித்தடங்களிலும், எந்த விமானம் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆள் இருந்தே ஆகவேண்டும்.

அதனால்தான் பாரிஸிலும் மாஸ்கோவிலும் பெய்ஜிங்கிலும் உள்ளூர் விமானிகள் சொந்த மொழியில் பேசுவது ரேடியோவில் கேட்கிறது. இந்தியாவில் நடைமுறை வேறு. சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் தமிழர், மேலே பறப்பவரும் மதுரைக்காரர் என்றாலும் ரேடியோவில் இருவருக்கும் ஆங்கிலம்தான். இது வீம்பு இல்லை. காரணம், உள்ளூர் மொழி பற்றிய கேள்வியில் கீழே வருகிறது.

விமானத்துல பிரெஞ்சுக்காரங்கதானே முன்னோடி? அப்புறம் எப்படி இங்கிலீஷ் வந்துச்சு?

முன்னோடிகளில் அவர்களும் உண்டு. ஃபியூசலாஜ், ஏலரான், ஹேங்கர் எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள்தான். திருப்பம் வந்தது 1944-ல். இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே சிகாகோவில் மாநாடு கூட்டி, டிசம்பர் 7 அன்று 52 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எதிரணியில் இருந்த ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அங்கே இடமில்லை. சோவியத் ஒன்றியம் வரவே இல்லை. ஐசிஏஓவில் அது சேர்ந்தது 1970-ல். பிரான்ஸ் அப்போதுதான் ஆக்கிரமிப்பிலிருந்து மீண்டிருந்தது. அமெரிக்காவோ போர் முடிவதற்குள் டிசி-3 ரகத்தையும் அதன் ராணுவ வடிவங்களையும் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் கட்டிவிட்டது. விமானமும் அதை ஓட்டும் கையேடும் எங்கிருந்து வந்தனவோ, மொழியும் அங்கிருந்தே வந்தது.

1951-ல் ஐசிஏஓ ஆங்கிலத்தைப் பரிந்துரைத்தபோது அதை நிரந்தர ஏற்பாடாகச் சொல்லவில்லை. இதைவிடப் பொருத்தமான பேச்சு வடிவம் ஒன்று உருவாகி ஏற்கப்படும் வரை ஆங்கிலம் இருக்கட்டும் என்பதுதான் அந்தப் பரிந்துரையின் சாரம். அப்படி ஒன்று வரவே இல்லை. ஐசிஏஓவின் சொந்த அலுவல் மொழிகளோ இன்று ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு, சீனம்.

என் பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். பைலட் ஆக முடியுமா?

முடியும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதி, பறப்பு மணிநேரம், இந்திய விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகள் ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் குறைந்தது லெவல் 4 வேண்டும். எந்த மீடியத்தில் படித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கிவிழுவது இலக்கணத்தில் அல்ல, காதில். ரேடியோவில் இரைச்சல் இருக்கும், முகம் தெரியாது, பேசுகிறவர் தாய்லாந்துக்காரராகவோ அரபுக்காரராகவோ இருப்பார். சினிமா ஆங்கிலம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பிடிபடாது. பயிற்சிப் பள்ளிகளில் கிடைக்கும் பல நாட்டு ரேடியோ பதிவுகளைத் தினமும் கேட்டு, கேட்டதைத் தாளில் சுருக்கமாக எழுதி, பிறகு வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகவேண்டும். முதலில் எண்களை மட்டும் பிடித்தால் போதும். மற்றவை பின்னால் வரும்.

லெவல் 4-னா என்ன? எப்படி மார்க் போடுறாங்க?

மொத்தம் ஆறு நிலைகள். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிதல், உரையாடும் திறன் என்று ஆறு பிரிவுகளில் தனித்தனியே மதிப்பிடுவார்கள். சராசரி எடுப்பதில்லை; ஆறில் எது குறைவோ அதுதான் உங்கள் நிலை. ஐந்தில் 5 வாங்கி, கேட்டுப் புரிதலில் மட்டும் 3 வாங்கினால் நீங்கள் லெவல் 3, அதாவது தேறவில்லை.

லெவல் 4 மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் லெவல் 5 ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுதேர்வு எழுதவேண்டும் என்பது ஐசிஏஓ பரிந்துரை. லெவல் 6-க்கு மறுதேர்வு இல்லை. இந்த விதிகள் 2003 மார்ச்சில் ஏற்கப்பட்டு, 2008 மார்ச் 5-ஐக் கெடுவாக வைத்தன. பல நாடுகள் தயாராகாததால் 2011 வரை அவகாசம் தரவேண்டியிருந்தது. விமானிகளுக்கு மட்டுமல்ல, தரையிலிருந்து பேசும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இது பொருந்தும்.

நம்ம ஊர் ஆக்சென்ட் இருந்தா ஃபெயில் பண்ணுவாங்களா?

மாட்டார்கள். லெவல் 4-ல் தாய்மொழியின் சாயல் இருக்கலாம். கேட்பவருக்குப் புரிவதை அது எப்போதாவது மட்டும் தடுக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. லண்டன்காரர் மாதிரி பேச முயல்வது வீண்வேலை. வார்த்தைகளை உருட்டி வேகமாகப் பேசத் தொடங்கிவிடுவீர்கள், பிறகு யாருக்கும் புரியாது. நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டாதே என்பதுதான் விதி.

தமிழர்கள் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, ‘ஃ’ ஒலி ‘ப’ ஆகிவிடுவது. இன்னொன்று, சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது. ‘லெஃப்ட்டு’, ‘ரைட்டு’ என்று இழுத்தால் கடைசியில் வரும் ‘டு’ ரேடியோவில் எண் 2 போலக் கேட்கலாம். அதை வெட்டிப் பேசப் பழகுங்கள்.

‘ட்ரீ’, ‘ஃபைஃப்’, ‘நைனர்’னு ஏன் வேணும்னே தப்பா சொல்றாங்க?

தப்பு இல்லை, அதுதான் விதிப்படியான உச்சரிப்பு. ஆங்கில ‘த்ரீ’யின் முதல் ஒலி உலகின் பெரும்பாலான மொழிகளில் இல்லாததால் ‘ட்ரீ’. ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்பதால் ‘ஃபைஃப்’, ‘நைனர்’. ஆயிரம் ‘டௌசண்ட்’ ஆகும். இங்கே வளைந்துகொடுத்தது ஆங்கிலம்தான்.

ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் எழுத்து வரிசையும் அப்படி வந்ததுதான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுகிறவர்களை வைத்துச் சோதித்து, 1956 மார்ச் 1 முதல் இன்றைய வடிவில் நடைமுறைக்கு வந்தது. ஜூலியட்டைக் கடைசியில் இரண்டு ‘டி’ போட்டு எழுதுவார்கள். ஒரே ‘டி’ இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிக்காமல் விட்டுவிடுவார்.

சொன்னதையே ஏன் திருப்பிச் சொல்றாங்க? நேரம் வீண்தானே?

ஒரு சிறு உரையாடலைப் பாருங்கள். விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டுப்பாட்டாளர்: “டிசெண்ட் டு ஆல்டிட்யூட் ட்ரீ டௌசண்ட் ஃபீட், கியூஎன்ஹெச் ஒன் ஜீரோ ஒன் டூ.”

விமானி: “டிசெண்டிங் டு ஆல்டிட்யூட் ட்ரீ டௌசண்ட் ஃபீட், கியூஎன்ஹெச் ஒன் ஜீரோ டூ ஒன்.”

கட்டுப்பாட்டாளர்: “நெகட்டிவ், கியூஎன்ஹெச் ஒன் ஜீரோ ஒன் டூ.”

கியூஎன்ஹெச் என்பது உயரமானியில் பதிக்கவேண்டிய காற்றழுத்தம். 1012-க்குப் பதில் 1021 என்று வைத்தால் ஒன்பது ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஒன்றுக்கு ஏறக்குறைய 27 அடி. கருவி 3,000 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் சுமார் 250 அடி கீழே இருக்கும். மேகத்துக்குள் மலைப்பகுதியில் இது உயிர்போகும் விஷயம். திருப்பிச் சொன்னதால் சில விநாடிகளில் பிழை பிடிபட்டது.

ரன்வேயில் நுழைவது, குறுக்கே கடப்பது, ரன்வேக்கு முன்பே நிற்பது, இறங்குவது, கிளம்புவது, உயரம், திசை, வேகம், காற்றழுத்தம், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண் ஆகியவற்றைக் கட்டாயம் முழுதாகத் திருப்பிச் சொல்லவேண்டும். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுதும் கேட்டது என்று மட்டுமே பொருள். ஆமாம் என்றோ செய்கிறேன் என்றோ பொருள் இல்லை. புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஆமாம் என்பதற்கு ‘அஃபர்ம்’, செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’.

ஒரு வார்த்தை மாறினா உண்மையிலேயே விபத்து நடக்குமா?

நடந்திருக்கிறது. 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தை நோக்கி வந்த ஒரு போயிங் 747 சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டாளர் சொன்னது “டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ”. அந்த ‘டூ’வை விமானிகள் எண்ணாக எடுக்காமல் ‘வரைக்கும்’ என்று எடுத்து, “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று திருப்பிச் சொன்னார்கள். அதாவது 400 அடி. கட்டுப்பாட்டாளர் அதைத் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். ‘டூ டௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. முந்தைய பதிலில் சொன்ன ரீட்பேக், அதாவது திருப்பிச் சொல்வது, நடந்தும், மறுமுனையில் அதைக் காதில் வாங்காததால் பயனில்லாமல் போனது.

1980 ஏப்ரல் 25, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 146 பேர் இறந்த விபத்தில் ஒரே ஒரு ‘ஸ்’ விடுபட்டது. இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிரு என்ற பொருளில் ‘டர்ன்ஸ் டு த லெஃப்ட்’ என்று சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர் ‘டர்ன்’ என்றார். விமானி இடப்பக்கம் ஒருமுறை திரும்பி, மலை இருக்கும் பகுதிக்குள் போய்விட்டார்.

அதே தீவில் 1977 மார்ச் 27 அன்று இரண்டு போயிங் 747 விமானங்கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம். கிளம்புவதற்காக ஓடத் தொடங்கிவிட்ட, டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானத்தில் இருந்த கோ-பைலட் சொன்னது ஏறக்குறைய “வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்”. கிளம்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். நடந்துகொண்டிருக்கும் செயலை டச்சு மொழியில் சொல்லும் விதம் அந்த ஆங்கில வாக்கியத்துக்குள் புகுந்திருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டாளரின் குரலும் மற்றொரு விமானமான பான் ஆமின் விமானியின் குரலும் ஒரே நேரத்தில் வந்து மோதியதால், கேஎல்எம் காக்பிட்டில் கீச்சொலிதான் கேட்டது. இன்று ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் மட்டுமே சொல்லலாம். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’தான்.

அப்போ அந்த நிர்ணயிச்ச வாக்கியங்களை மனப்பாடம் பண்ணா போதுமே? பொது ஆங்கிலம் எதுக்கு?

வழக்கமான பயணத்துக்கு ஃபிரேசாலஜி எனப்படும் அந்த வாக்கியங்கள் போதும். பறவை மோதினால், பயணிக்கு மாரடைப்பு வந்தால், எரிபொருள் தீர்ந்தால்? எல்லாவற்றுக்கும் வாக்கியம் எழுதிவைக்க முடியாது.

1990 ஜனவரி 25, கொலம்பியாவின் அவியான்கா 052 நியூயார்க் அருகே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. கேப்டன் ஸ்பானிஷில் ‘அவசரநிலை என்று சொல்’ என்றார். கோ-பைலட் ஆங்கிலத்தில் சொன்னது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும். அதற்கு முன்பு கேட்டதும் ‘பிரயாரிட்டி’தான், ‘எமர்ஜென்சி’ அல்ல. நெரிசலில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் அதை அவசரநிலையாக எடுக்கவில்லை. நான்கு என்ஜின்களும் நின்று 73 பேர் இறந்தார்கள். கோ-பைலட்டுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எந்தச் சொல் மறுமுனையில் எதை அசைக்கும் என்பது பிடிபடவில்லை.

இப்போது இதற்கும் சொல் வகுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட விமான நிலையத்தில் இறங்குவதில் இனி தாமதம் வந்தால் கடைசி இருப்பைத் தொடவேண்டியிருக்கும் என்றால் ‘மினிமம் ஃபியூயல்’. இது எச்சரிக்கை, அவசரநிலை அல்ல. அந்த இருப்பைத் தொடாமல் இறங்கவே முடியாது என்றால் ‘மேடே, மேடே, மேடே, ஃபியூயல்’. ஜெட் விமானத்துக்கு அந்தக் கடைசி இருப்பு, 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கும் அளவு.

1996 சர்க்கி தாத்ரி விபத்துக்கு இங்கிலீஷ் தெரியாததுதான் காரணமா?

முக்கியக் காரணங்களில் ஒன்று. நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி 747-க்கு 14,000 அடியும், வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76-க்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. இல்யூஷின் தன் உயரத்துக்குக் கீழே இறங்கி, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி விமானத்தோடு மோதியது. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். நீதிபதி லஹோட்டி ஆணையம் விசாரித்தது.

அந்தக் காக்பிட்டில் தரையோடு பேசியவர் விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்கவேண்டும். ஆங்கிலச் செய்தி அவர் வழியாகப் போய்த்தான் ஓட்டுகிறவர்களைச் சேர்ந்தது. இதோடு, வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வழித்தடம், உயரத்தைக் காட்டாத பழைய ரேடார் என்று டெல்லி தரப்புக் குறைகளும் இருந்தன. எல்லாப் பழியையும் மொழிமேல் போட்டால் இவை மறைந்துவிடும். விபத்துக்குப் பிறகுதான் மோதல் தடுப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

பாரிஸ்ல பிரெஞ்சுல பேசலாம்னா, நாம ஏன் நம்ம மொழியில பேசக்கூடாது?

ஒரே அலைவரிசையில் பத்து விமானங்கள் இருக்கும். மற்றவர்களுக்குச் சொல்வதையும் காதில் வாங்கித்தான் விமானி தன்னைச் சுற்றி யார் எங்கே இருக்கிறார்கள் என்று மனதில் படம் போட்டுக்கொள்கிறார். பாதி உரையாடல் புரியாத மொழியில் நடந்தால் அந்தப் படத்தில் ஓட்டை விழும். 2000 மே 25, பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்தில் ஒரு பிரெஞ்சு விமானத்துக்குக் கிளம்பும் அனுமதி பிரெஞ்சில் தரப்பட்டது. அதே ரன்வேயில் நுழையவிருந்த பிரிட்டிஷ் சரக்கு விமானத்துக்கு அது புரியவில்லை. மோதியதில் அதன் கோ-பைலட் இறந்தார். 1976-ல் அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் மேலே 176 பேர் இறந்த மோதலிலும், கடைசி விநாடிகளில் கட்டுப்பாட்டாளர் பதற்றத்தில் தன் மொழிக்கு மாறினார். எதிரே வந்த பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது விளங்க வாய்ப்பே இல்லை.

மறுபக்கமும் நியாயம் உண்டு. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் விமானிகளுக்கு ரேடியோவில் தங்கள் மொழி மறுக்கப்பட்டது. 1976-ல் பிரெஞ்சை அனுமதிப்பதை எதிர்த்து விமானிகளின் வேலைநிறுத்தமே வந்தது. விசாரணை ஆணையம் ஆராய்ந்து, முறையாகச் செய்தால் இருமொழி பாதுகாப்பானதே என்று 1979-ல் முடிவு சொன்னது. சின்ன விமானம் ஓட்டும், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்குத் தாய்மொழிதான் பாதுகாப்பு. பன்னாட்டு விமானங்கள் கலந்து பறக்கும் பெரிய நிலையங்களில் ஒரே மொழி நல்லது என்பது எங்கள் கருத்து. இந்தியாவில் எந்த உள்ளூர் மொழி என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் விமானம் பாதி வழியில் மொழி மாற்ற முடியாது.

கேபின்ல தமிழ்ல அறிவிப்பு செய்றாங்களே, அது விதிமீறலா?

இல்லை. பயணிகளோடு எந்த மொழியிலும் பேசலாம். மேலே சொன்ன விதியெல்லாம் ரேடியோவுக்கு மட்டும்.

இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களுக்குக் கவலையே இல்லை, அப்படித்தானே?

தேர்வில் அவர்களுக்குச் சிரமம் குறைவு. பெரும்பாலும் லெவல் 6 கிடைத்துவிடும். ஆனால் ரேடியோவில் சிக்கல் உண்டாக்குகிறவர்களில் அவர்களும் உண்டு. வேகம், வட்டார வழக்கு, நிர்ணயித்த சொல்லை விட்டுச் சொந்த சொல்லைப் போடுவது என்று மூன்று பழக்கங்கள். ரன்வேயில் ஏறி நின்று காத்திரு என்பதற்கான ஐசிஏஓவின் ‘லைன் அப் அண்ட் வெய்ட்’டை அமெரிக்காவே 2010 செப்டம்பர் 30 வரை ஏற்காமல் ‘பொசிஷன் அண்ட் ஹோல்டு’ என்று சொல்லிவந்தது. அலைவரிசைப் புள்ளிக்கு மற்றவர்கள் ‘டெசிமல்’ என்றால் அவர்கள் இன்னும் ‘பாயிண்ட்’ என்கிறார்கள்.

புரியவில்லை என்றால் ‘சே அகெய்ன்’ என்று கேளுங்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். கௌரவம் பார்த்து ‘ரோஜர்’ சொல்லிவிடுவதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை.

கொரிய மொழியில மரியாதை அதிகம், அதனாலதான் விபத்து, இங்கிலீஷுக்கு மாறினதும் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்களே?

கேட்கச் சுவையான விளக்கம், ஆனால் அரைகுறை. 1997-ல் பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமில் விழுந்த கொரியன் ஏர் 801 பற்றிய அமெரிக்க விசாரணை அறிக்கை, இறங்கும் முறையைக் கேப்டன் சரியாக விளக்காதது, காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் கண்காணித்துக் குறுக்கிடாதது, கேப்டனின் களைப்பு, நிறுவனத்தின் பயிற்சிக் குறை, தரையில் இருந்த தாழ்வுயர எச்சரிக்கை அமைப்பு அமெரிக்கத் தரப்பாலேயே முடக்கப்பட்டிருந்தது என்று பல காரணங்களைச் சொன்னது. பிறகு அந்நிறுவனம் வெளியாட்களைக் கொண்டுவந்து பயிற்சியையே மாற்றியது. ஆங்கிலம் அதில் ஒரு பகுதி. மூத்தவரைக் கேள்வி கேட்கத் தயங்குவது எல்லா நாட்டுக் காக்பிட்டிலும் நடந்திருக்கிறது. டெனெரிஃபில் கேஎல்எம் காக்பிட்டில் இருந்தவர்கள் டச்சுக்காரர்கள்.

விமானம் ரிப்பேர் பண்றவங்களுக்கும் இங்கிலீஷ் வேணுமா?

வேண்டும், ஆனால் அது சுருக்கிய ஆங்கிலம். பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே ஏறக்குறைய 900 சொற்கள் கொண்ட எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் உண்டு. ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஐரோப்பிய விமான நிறுவனங்கள் கேட்டு, 1980களில் உருவானது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும். விதியைப் பின்பற்று என்று சொல்ல வேறு சொல். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐ.

கப்பல்லயும் இதேதானா?

ஏறக்குறைய. 2001-ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு நிர்ணயித்த வாக்கியத் தொகுப்பை ஏற்றது. அதில் செய்திக்கு முன்னால் அதன் வகையையும் சொல்லலாம்: ‘வார்னிங்’, ‘அட்வைஸ்’, ‘கொஸ்டின்’ என்று எட்டு வகை. கேள்வியா கட்டளையா என்று குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகிக்கவேண்டியதில்லை. கடல் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் இந்த எட்டையும் படித்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துடுமே, இனிமே இதெல்லாம் எதுக்கு?

பேச்சில்லாத முறை ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண விமான ரேடியோ சுமார் 200 கடல் மைல் வரைதான் எட்டும். வங்காள விரிகுடாவின் நடுவில் பறக்கும் விமானங்களோடு சென்னை மையம் சிபிடிஎல்சி என்ற எழுத்துச் செய்தி முறையில் பேசுகிறது. செய்திகள் முன்பே எண்ணிட்டுத் தயாராக இருக்கும். கட்டுப்பாட்டாளர் ஒன்றைத் தேர்ந்து உயரத்தைச் சேர்த்து அனுப்புவார், விமானி ‘வில்கோ’ பொத்தானை அழுத்துவார். உச்சரிப்புக்கு இங்கே வேலையே இல்லை. எண்ணிட்ட செய்தி என்பதால் திரையில் எந்த மொழியிலும் காட்டமுடியும், ஆனால் இன்று ஆங்கிலத்தில்தான் வருகிறது.

விமான நிலையத்தை நெருங்கியதும் இது உதவாது. செய்தி போய்ப் பதில் வர அரை நிமிடம் ஆனாலும், அதற்குள் இறங்கும் விமானம் ஒரு கடல் மைலுக்கு மேல் நகர்ந்துவிடும். தானியங்கி மொழிபெயர்ப்புக்கும் அதே தாமதச் சிக்கல் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், அது எண்ணைத் தப்பாகக் கேட்டால் ரீட்பேக்கில் அந்தப் பிழையை யார் பிடிப்பது என்பது. சுபாங்கில் நடந்ததைப் போல, திருப்பிச் சொன்னதும் சரிபோலவே ஒலிக்கும். அதனால் இறங்கும்போதும் கிளம்பும்போதும் அவசரநிலையிலும் குரல்தான், அந்தக் குரல் ஆங்கிலத்தில்தான்.